காடே பாடசாலை

கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரத்தை ஒட்டி, கௌலி பிரவுன் சாலையின் ஓரமாக, முதிர்ந்த மரங்கள் நிழல் பரப்பி நிற்கும் விசாலமான வளாகம் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்து வன உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு 1912-ஆம் ஆண்டில் கோவையில் ஒரு கல்லூரி ஸ்தாபிக்கப்பெற்றது. அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1902-இல், காஸ் என்ற வனப் பாதுகாவலரின் முயற்சியால் காட்டுப் பொருள்களுக்கென்றே ஒரு காட்சிசாலை தோன்றியிருந்தது. இவ்வளாகத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அந்தக் காட்சிசாலையைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலுள்ள வனக் கல்லூரிக்கும், அங்கிருந்து ஆனைமலைக்கும், பிறகு மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து நிலம்பூருக்கும் செல்வதென்று நான் திட்டமிட்டதற்குக் காரணம் ஒன்றே: காட்டைக் காக்கப் போகிறவர்களுக்கு நாம் எதை, யாரைக் கொண்டு, எவ்விடத்தில் வைத்துக் கற்பிக்கிறோம் என்பதை நேரிற் காண வேண்டுமென்ற ஆசை.

காட்சிசாலையில் பாடம் செய்து நிறுத்தியிருக்கும் விலங்குகளின் முன்னேதான் குழந்தைகள் கூடுகிறார்கள். வனக் கல்வியில் சிரத்தையுள்ளவன் நிற்க வேண்டிய இடமோ மர மாதிரிகள் அடுக்கியிருக்கும் பகுதி. ஒரு மரக்கட்டையைக் குறுக்கே அறுத்த முகத்தைக் கூரிய கத்தியால் ஒரு முறை சீவிவிட்டு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தால், தேக்கில் ஒவ்வோராண்டு வளர்ச்சியின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வளையமாக அணிவகுத்திருப்பதும், சந்தனத்தில் மிகச் சிறிய துளைகள் எங்கும் பரவிக் கிடப்பதும் புலப்படும். சோதனைச் சாவடியில் ஒரு லாரியை மடக்கிச் சோதிக்கும் வனக் காவலருக்கு இந்த வித்தை கைவந்திருந்தால், அவர் பதிவு செய்யும் வழக்கு நீதிமன்றத்தில் நிலைத்து நிற்கும். அந்த வகையில் காட்சிசாலையின் உபயோகத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் இலையும் பட்டையும் மணமும் நீங்கிய கட்டை, மரத்தின் ஒரு பாகமே அன்றோ? தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சிவப்புச் சாயம் ஏறுவதையும், வேங்கையின் பட்டையைக் கீறினால் செந்நீர் வடிவதையும் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைத்துக் காட்ட முடியாது.

மேட்டுப்பாளையம், நீலகிரியின் காலடியில், பவானி நதியும் பாக்குத் தோப்புகளும் மலை ரயிலும் சேர்ந்து அழகு செய்யும் ஊர்; வனக் கல்லூரி இருப்பது இங்கேதான். நம் நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் வனவியலுக்கென நான்காண்டுப் பட்டப்படிப்பு 1985-இல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் வேறு ஏதேனும் பாடத்தில் பட்டம் பெற்று, உத்தியோகத்தில் சேர்ந்த பின்னரே ஒருவன் காட்டைக் கற்கத் தொடங்குவான். இப்போது பதினெட்டு வயதிலேயே அந்தக் கல்வியைத் தொடங்க வழி பிறந்திருக்கிறது. இது சாமானியமான மாற்றமன்று.

மலைச்சரிவு ஒன்றில் மாணவர் சிலர் மரம் அளந்துகொண்டிருந்ததைக் கண்டு நின்றேன். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவு என்று சொல்லும் இடத்தில், நாடாவைச் சுற்றி மரத்தின் சுற்றளவைக் குறிக்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு வரிச் சமாசாரம். ஆனால், சரிவில் நிற்கும் மரத்துக்கு எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து அளப்பது? மேட்டுப் பக்கத்திலிருந்துதான் அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே மரம் இரண்டாகப் பிரிந்திருந்தால்? இரண்டையும் தனி மரங்களாகக் கொள்ள வேண்டும். நாடா கொடியின் மேல் ஏறியிருந்தால் என்ன ஆகும், சாய்ந்து நிற்கும் மரத்தை எப்படி அளப்பது என்று ஒவ்வொரு மரமும் ஒரு புதிய கேள்வியைக் கேட்க, மாணவர்கள் தங்களுக்குள் தர்க்கித்து, மறுபடி அளந்து, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிக்கொண்டிருந்த அந்தக் காட்சியில், வகுப்பறையில் ஒரு பருவம் முழுவதும் சொல்லி முடியாத பாடம் ஒரு காலைப் பொழுதிலே நடந்தேறியது. சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தாலும் பெருக்கினால் வரும் கன அளவு, அவர்களுக்கு இனி வெறும் சூத்திரமாக இராது.

கொங்கு நாட்டு விவசாயிகள் பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்குமாக ஏக்கர் கணக்கில் வளர்க்கும் மலைவேம்பைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. அதன் கொட்டை மிகவும் கெட்டியானது. அப்படியே ஊன்றினால் பெரும்பாலும் முளைப்பதில்லை. ஆடு மென்று துப்பிய கொட்டை நன்றாக முளைக்கும் என்பது மேய்ப்போர் வாக்கு. சாணக் கரைசலில் ஊறவைத்து விதைக்கும் முறை நாற்றங்கால்களில் வழக்கத்திலிருக்கிறது. பட்டிக்காட்டில் ஆட்டுப்பட்டியைக் கூட்டுகிறவள் அறிந்த செய்தியையும், விதையின் ஓட்டைத் துளைத்து நீர் உட்புகும் விதத்தைச் சொல்லும் சாஸ்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவனே உண்மையில் வனவியல் கற்றவன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பல இடங்களில் இந்த நிலை வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாகனத்துக்குப் பணமில்லை, காட்டுக்குள் தங்க அனுமதி கிடைக்கவில்லை, பரீட்சை நெருங்கிவிட்டது என்று ஒவ்வொரு காரணமாக வந்து, களப்பயிற்சி என்பது பஸ்ஸில் போய் இறங்கி, வரிசையாக நின்று ஓர் உரையைக் கேட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்புவதாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு காட்டை வெயிற்காலத்தில் ஒரு முறையும், முதல் மழைக்குப் பின் ஒரு முறையும், பனிக்காலத்தில் ஒரு முறையும் பாராதவன் அதைப் பார்த்தவனே ஆகான்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலைக்குள் ஏறினால் டாப்சிலிப். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய தேக்குக் கட்டைகளை மலைமேலிருந்து சரிவிலே விட்டுக் கீழே இறக்கிய இடம் அது. அந்த வெட்டினால் வெறுமையாகிக்கொண்டிருந்த மலையை, வெட்டுவதற்கு முறையும் மறுவளர்ச்சிக்கு வழியும் வகுத்து மீட்டவர் ஹ்யூகோ உட் என்ற வன அதிகாரி. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் நிலத்தைக் குத்தி, சட்டைப் பையிலுள்ள தேக்கு விதையை அதில் போட்டுக்கொண்டே அவர் நடப்பாராம். இன்றும் அங்குள்ளோர் இதைச் சொல்கிறார்கள். 1933-இல் காலமான அவருடைய சமாதி, அவர் வளர்த்த தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது.

அங்கிருந்து காட்டுப் பாதையில் சென்றால் கோழிக்கமுத்தி யானை முகாம். மாவுத்தர்களிலும், காவடிகள் என்று வழங்கும் அவர்களுடைய உதவியாளர்களிலும் பெரும்பாலோர் மலசர் குலத்தினர். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த வித்தை. கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் உப்பும் சேர்த்து உருட்டிய கவளங்கள் யானைகளுக்காகக் காத்திருந்த வேளையில், பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி குறிப்பேட்டுடன் ஒரு முதிய மாவுத்தரை அணுகி, “ஐயா, யானையின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள்?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். “புஸ்தகத்தை மூடிப்போட்டு மொதல்ல தடத்தைப் பாருங்க, அம்மிணி” என்று சொல்லி, ஈரமண்ணில் பதிந்திருந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து, அந்த நீளத்தை இரட்டித்துக் காட்டினார். “தோள் இத்தனைதான் இருக்கும். நம்பிக்கை இல்லீன்னா அளந்து பாருங்க.” அவள் அளவுக் கோலை வாங்கிச் சென்று அந்த யானையையே அளந்தாள், வித்தியாசம் சொற்பமே. முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல இரு மடங்கு தோளின் உயரம் என்பதை விலங்கியல் நூல்களும் ஒப்புகின்றன. ஆனால் நூலில் படித்ததற்கும், கயிறும் கோலும் கொண்டு தானே பரிசோதித்ததற்கும் உள்ள பேதத்தை அப்பெண்ணின் முகத்தில் கண்டேன்.

லத்தியின் ஈரத்தைக் கொண்டு யானை எப்பொழுது போயிற்று என்பதையும், அதில் கிடக்கும் மூங்கில் சிம்புகளின் பருமனைக் கொண்டு அதன் பற்களின் நிலையையும், மதநீர் ஒழுகும் விதத்தைக் கொண்டு அதன் மனநிலையையும் அம்முதியவர் ஒரு மணி நேரத்துக்குள் விளக்கினார். இத்தகைய முகாம்களில் பல்லாண்டு பணியாற்றிய கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி அப்போது என் நினைவுக்கு வந்தார். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர் பலரும் அறிந்தவர் அவர். பாகர்களோடு உடனிருந்து யானையைக் கவனித்ததும், காட்டுக்குள்ளேயே எண்ணற்ற யானைகளின் சவங்களை அறுத்துச் சோதித்து மரணத்தின் காரணத்தைத் தேடியதுமாகிய இரண்டும் சேர்ந்தே அவரை அத்துறையின் பெரிய ஆசிரியராக்கின. பாகரின் அறிவும் மருத்துவ சாஸ்திரமும் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே போதிய அத்தாட்சி.

ஆனைமலையின் மற்றொரு குலத்தவரான காடர்கள் இருவாச்சிப் பறவையை அறிந்த விதமும் இத்தகையதே. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்க, ஆண் பறவை அத்தியும் ஆலும் பழுத்த மரங்களைத் தேடித் திரிந்து ஒரு சிறு பிளவின் வழியாக இரை ஊட்டும். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காடர்கள் அறிவர். இந்த மலைத்தொடரின் கேரளப் பக்கத்தில், வாழச்சால் காடுகளில், ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்துவந்த அதே காடர்கள் இன்று கூடுகளின் காவலர்களாகி, இனப்பெருக்க விவரங்களைக் குறித்துத் தருகிறார்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் தனியாகத் தேடினால் ஆண்டுக்கணக்காகும் வேலை அது.

பரம்பரை அறிவு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதிக்கத்தக்க ஒன்றாக மதிக்க வேண்டும் என்கிறேன். சோதிக்காமல் தள்ளுவதும் சோதிக்காமல் துதிப்பதும் ஒரே அலட்சியத்தின் இரு வடிவங்கள். கர்நாடகத்துப் பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், முற்காலத்தில் தாங்கள் பருவமறிந்து சருகுக்கு இட்ட சிறு தீ நின்றுபோனதால்தான் உண்ணிச்செடி காடெங்கும் அடர்ந்ததென்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்ததென்றும் சொல்கிறார்கள். சூழலியலாளர் சிலர் அதைப் பொருட்படுத்தி, அம்மக்களோடு சேர்ந்தே ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாத அந்த விவாதத்தையே மாணவர் முன் வைத்தால், அதைவிடச் சிறந்த பாடம் ஏது?

இதில் என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மாணவிக்குக் கற்பித்த அந்த மாவுத்தர் வேலை ஓய்வு நேரத்தில், தம் நல்ல மனத்தினால் கற்பித்தார். கல்லூரிக்கு வருகை தரும் பேராசிரியருக்கு மதிப்பூதியமும் சால்வையும் உண்டு; காட்டிலே கற்பிப்பவருக்கு ‘வழிகாட்டி’ என்ற பெயரும் பெரும்பாலும் ஒரு நாள் கூலியுமே. காடரையும் மலசரையும் இருளரையும் பாடத்திட்டத்தில் ஆசிரியராகவே நியமித்து, அந்தப் பதவிக்குரிய ஊதியத்தையும் மரியாதையையும் அளிக்காத வரையில், ‘பாரம்பரிய அறிவு’ என்று நாம் பாடநூலில் எழுதும் அத்தியாயம் பிறர் உடைமையை அவர் பெயரின்றி எடுத்தாளுவதே ஆகும்.

கோவையிலிருந்து மேற்கே செல்லும் ரயில், மதுக்கரையையும் எட்டிமடையையும் கடந்து வாளையாற்றை நோக்கி மலையடிவாரத்துக் காட்டினூடே போகிறது. யானைகள் காலங்காலமாகக் குறுக்கே நடந்த பாதையில் இரண்டு இருப்புப்பாதைகள் வந்து படுத்துவிட்டமையால் நேர்ந்த விபத்துகள் கொஞ்சமல்ல; 2021 நவம்பரில் ஓரிரவில் மூன்று யானைகள் ரயில் மோதி மாண்டன. 2024-இல் மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களை நிறுத்தி, உடலின் வெப்பத்தைக் கொண்டே இரவிலும் விலங்கைக் காணும் 24 காமிராக்களைப் பொருத்தினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணிப்பொறி அதை இனங்கண்டு எச்சரிக்கை செய்ய, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரயில்வேக்குச் செய்தி போகிறது. வண்டி வேகம் குறைகிறது. ஜன்னலோரத்தில் அமர்ந்து அந்தக் கோபுரங்களைத் தேடிக்கொண்டு சென்ற எனக்கு, டிஜிட்டல் சாதனங்களைக் காட்டின் பகையென்று கருதும் சில நண்பர்களின் வாதம் ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

வனவியலின் சரித்திரத்திலேயே இதற்கொரு முன்னோடி உண்டு. ஜெர்மனியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த டீட்ரிக் பிராண்டிஸ், 1856-இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பாளராக வந்தபோது, யானைமேல் ஏறிக் காட்டை ஊடறுத்துச் சென்று தேக்குகளைக் கணக்கெடுத்தார். பருமனுக்கேற்ற நான்கு வகுப்புகளுக்கு நான்கு குச்சிகளை இடக்கையில் பிடித்துக்கொண்டு, மரம் ஒன்றைக் காணுந்தோறும் அதன் வகுப்புக்குரிய குச்சியில் வலக்கைப் பேனாக்கத்தியால் ஒரு வெட்டு வெட்டுவார். மாலையில் வெட்டுகளை எண்ணினால் அன்றைய காட்டின் கணக்கு வந்துவிடும். அதே பிராண்டிஸ், மலையில் எரித்துப் பயிரிடும் காரென் மக்களின் வழக்கத்தை ஒழிக்க முயல்வதை விடுத்து, அவர்களுடைய நெல்லோடு தேக்கையும் நடச் செய்து, டாங்கியா என்று உலகெங்கும் பரவிய முறைக்கு வித்திட்டார். 1864-இல் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியாகி, 1878-இல் டேராடூனில் வனப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. இன்றைய மாணவன் கைப்பேசியில் மரத்தின் இனத்தையும் சுற்றளவையும் இடக்குறியையும் பதிவது அந்த நான்கு குச்சிகளின் தொடர்ச்சிதான்.

ஆயினும் கருவி எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான் என்பதையும் கற்பிக்க வேண்டும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள்கள் காணும் காட்டுத்தீயை 2004 முதல் மாநிலங்களுக்கு உடனுக்குடன் தெரிவித்துவருகிறது. இப்போது அதற்குப் பயன்படும் கருவி ஒன்று தரையைப் பார்க்கும்போது, அதன் ஒரு கட்டம் பக்கத்துக்குச் சுமார் 375 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் இரண்டு ஓடைகளும் ஒரு பாறைமுகடும் ஒரு புற்சரிவும் இருக்கலாம். தீ எதில் பற்றியது, மாலைக்காற்று அதை எப்பக்கம் தள்ளும், எந்தச் சரிவில் நின்றால் உயிர் தப்பாது என்பவற்றைச் செய்தி சொல்லாது; அந்த மலையிலே நடந்து பழகிய வேட்டைத்தடுப்புக் காவலர் சொல்வார். சரிவில் தீ மேல்நோக்கி எத்தனை வேகமாக ஓடும் என்பதை, 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்ற இளைஞர்கள் மாண்ட செய்தியால் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது. செய்தியைப் படிக்கத் தெரிந்தவனும் சரிவைப் படிக்கத் தெரிந்தவனும் ஒருவனேயாக மாணவனை ஆக்குவதே கல்லூரியின் வேலை. பாடங்களைக் காணொளியாக்கி வைப்பது நல்லதே. ஆனால் அவை தமிழில் இருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத காட்டுக்குள் இருக்கும் காவலர் குடியிருப்பிலும் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு பார்க்கும்படி அமைய வேண்டும். இல்லையேல் நகரத்திலுள்ளவனுக்கே அவை மேலும் ஒரு வசதியாகும்.

ஷோரனூரில் இறங்கி நிலம்பூர் வண்டியில் ஏறினால், இருபுறமும் தேக்கு நிழலிட வண்டி போகும் சுகம் ஒரு தனிச் சுகம். நிலம்பூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்தது. கப்பல் கட்டத் தேக்கு போதாமற் போகவே, கலெக்டர் கனோலி 1842-இல் தேக்குத் தோட்டம் போடும் முயற்சியைத் தொடங்கினார். மேற்பார்வை பின்னர் சாத்து மேனவன் என்பவரிடம் வந்தது. தேக்கின் காய் மேலே மெத்தென்றிருந்தாலும் உள்ளே எலும்பு போன்ற ஓடு. அதற்குள் நான்கு அறைகள். ஊறவைத்தும், ஓட்டை நீக்கியும், மேலே காய்ந்த புல்லைப் பரப்பிக் கொளுத்தியும் பார்த்தார்கள். ஆரம்பத்தில் முளைத்தது வெகு சொற்பம். காட்டிலே கோடைத் தீயும் வெயிலும் முதல் மழையும் காய்க்கு என்ன செய்கின்றன என்பதைக் கவனித்து, பருவம் தவறாமல் விதைத்த பின்னரே, 1844-ஐ ஒட்டி வழி பிறந்தது. சாத்து மேனவனின் காலத்தில் நட்ட தேக்குகள் பத்து லட்சத்துக்கும் மேல். சாலியாற்றின் கரையில் 2.31 ஹெக்டேர் பரப்பில் இன்றும் நிற்கும் கனோலித் தோட்டம், உலகத்தின் மிகப் பழைய தேக்குத் தோட்டமென்று போற்றப்படுகிறது. அம்மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, அத்தனையும் ஏடுகளில் இல்லாத ஒரு கேள்விக்குக் கையாலும் கண்ணாலும் தேடிய விடையென்ற எண்ணம் மேலோங்கியது.

பக்கத்திலிருந்த ஒரு நாற்றங்காலில் மாணவர் சிலர் தேக்குக் காய்களை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாட்கணக்கில் ஊறவைத்தும் உலர்த்தியும் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். காய்களை எப்போது வெயிலுக்கு எடுக்க வேண்டும் என்பதை, அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் ஒரு பெண்மணி விரலால் அழுத்திப் பார்த்தே சொல்ல, மாணவன் ஒருவன் நேரத்தையும் படத்தையும் கைப்பேசியில் பதிந்தான். அந்தப் பதிவில் இனம், தேதி, இடம், வெப்பம் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. சொன்னவர் பெயருக்கு இல்லை. “சேச்சியின் பேரையும் போட ஒரு கட்டம் வைக்கக் கூடாதா, தம்பி?” என்று கேட்டேன். வைக்கலாம், ஐந்து நிமிஷ வேலைதான் என்றான். சாத்து மேனவனின் பெயராவது நமக்குத் தெரிகிறது. அவருக்குக் காடு காட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அறிவைத் தந்தவர் பெயரும் ஊரும் அவர் சம்மதமும் குறிக்கப்படாத எந்தக் களப்பதிவுக்கும் மதிப்பெண் இல்லையென்று ஒரு விதியை எழுத எந்தக் கல்லூரிக்கும் பெரிய செலவு ஆகாது. அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.